டெங்குவில் இரத்தப் பரிசோதனை: காய்ச்சல் தணிந்த பின்னும் ஏன்?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தை ஒட்டி நடைபெற்ற மருத்துவ விழிப்புணர்வு அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

டெங்குக் காய்ச்சலில் இரத்தப் பரிசோதனையின் இன்றியமையாமை என்னும் தலைப்பு நமக்கு அளிக்கப்பட்டுள்ளது. கொசு ஒழிப்பைப் பற்றியும், தண்ணீர்த் தொட்டிகளை மூடி வைப்பதைப் பற்றியும் பல மேடைகளில் பேசப்பட்டுவிட்டது. அவை தேவையானவையே. ஆயினும் கொசு கடித்து, நோய் வந்து, வீட்டில் ஒரு பிள்ளை படுத்துவிட்ட பின்னர் என்ன செய்வது என்பது தனியானதொரு செய்தி. அதனை மட்டுமே இன்று எடுத்துக்கொள்வோம்.

டெங்கு நமக்குப் புதிய நோயன்று. இந்தியாவில் டெங்குவைப் போன்றதொரு கொள்ளைக் காய்ச்சல் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது 1780-ஆம் ஆண்டில், நம் சென்னையிலேதான். 2012-ஆம் ஆண்டுக் கோடையில் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், கடையநல்லூர் வட்டாரத்தில், இந்நோய் வீடு வீடாகப் புகுந்ததை நம்மில் பலரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வாண்டு தமிழகத்தில் 12,826 பேருக்கு டெங்கு கண்டறியப்பட்டு, 66 பேர் உயிரிழந்ததாக அரசுக் கணக்கு கூறுகிறது. 2017-ஆம் ஆண்டில் 23,294 பேர் பாதிக்கப்பட்டு, 65 பேர் மாண்டனர்.

இக்கணக்கைச் சற்றே கூர்ந்து நோக்க வேண்டும். நோய் கண்டறியப்பட்டோரில் ஆயிரத்திற்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இறந்திருக்கின்றனர். ஏனையோர் அனைவரும் பிழைத்தனர். ஆகவே டெங்கு என்றவுடன் கலங்க வேண்டியதில்லை. ஆனால் ஆபத்திற்குள் செல்லப்போகும் அந்தச் சிலர் யாவர் என்பதை முதல் நாளில் முகத்தைப் பார்த்து எவராலும் கூற இயலாது. திடகாத்திரமான இளைஞராகவும் இருக்கலாம். ஓடி விளையாடிய சிறுமியாகவும் இருக்கலாம். அவர்களை உரிய நேரத்தில் இனங்காண உதவும் கருவிகளுள் தலையாயது இரத்தப் பரிசோதனை. அதிலும் ஒரே ஒரு பரிசோதனை போதாது. திரும்பத் திரும்பச் செய்து ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கும் பரிசோதனையே உயிர் காப்பது. இவ்வுரையின் சாரம் இதுவே.

இருவகைப் பரிசோதனைகள்

டெங்குவிற்காகச் செய்யப்படும் இரத்தப் பரிசோதனைகள் இருவகைப்படும். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதனால்தான் குழப்பங்கள் பலவும் விளைகின்றன.

முதல் வகை, வந்திருப்பது டெங்குவா என்று அறிவதற்கானது. காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாட்களுக்குள் என்.எஸ்.1 என்னும் பரிசோதனை செய்யப்படுகிறது. இது வைரஸிலிருந்து வெளிப்படும் ஒரு புரதத்தைக் கண்டறிகிறது. ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்குப் பின்னர், உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைக் கண்டறியும் ஐ.ஜி.எம். பரிசோதனை பயன்படும். இரண்டாம் நாளில் ஐ.ஜி.எம். பார்த்து, இல்லை என்று வந்தால் மகிழ்வதில் பொருளில்லை. அவ்வாறே, என்.எஸ்.1 இல்லை என்று வந்துவிட்டதால் டெங்கு இல்லை என்று உறுதி கூறவும் முடியாது. குறிப்பாக, முன்னரே ஒருமுறை டெங்கு வந்தவர்களிடம் இப்பரிசோதனை தவறவிடும் வாய்ப்பு மிகுதி. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உள்ளன. ஒருவகை வந்து நீங்கினால் மற்ற மூன்றிலிருந்து நிலையான பாதுகாப்புக் கிடைப்பதில்லை. மாறாக, இரண்டாம் முறை வேறொரு வகை தாக்கும்போதுதான் நோய் கடுமையாவதற்கான வாய்ப்பு கூடுகிறது. ஆகவே, "எனக்கு முன்பே வந்துபோய்விட்டது" என்பது ஆறுதலன்று, கூடுதல் எச்சரிக்கைக்குரியது.

இரண்டாம் வகை, நோய் எப்பக்கம் செல்கிறது என்று அறிவதற்கானது. முழு இரத்த அணுக்கள் பரிசோதனை, அதாவது மருத்துவர்கள் சி.பி.சி. என்று எழுதித் தருவது இதுவேயாகும். இதில் புதுமை ஏதுமில்லை, சிற்றூர்ப் பரிசோதனை நிலையத்திலும் செய்யக்கூடியது, செலவும் குறைவு. பெயரளவில் எளிய இந்தப் பரிசோதனையே டெங்குவில் உயிரைக் காப்பது. முதல் வகைப் பரிசோதனை நோய்க்குப் பெயரைச் சூட்டுகிறது; இரண்டாம் வகை நோயாளிக்கு வழியைக் காட்டுகிறது. டெங்குவென்றே ஐயுறும் நிலையில், முதல் வகையின் முடிவு வரட்டும் என்று இரண்டாம் வகையைத் தள்ளிப்போடலாகாது.

மூன்று எண்கள்

இந்த அறிக்கையில் எண்கள் பல இருக்கும். டெங்குவைப் பொறுத்தவரை மூன்றை நாம் அறிந்திருத்தல் நன்று.

முதலாவது, வெள்ளணுக்களின் எண்ணிக்கை. டெங்குவில் பெரும்பாலும் முதலில் குறைவது இதுவே. காய்ச்சலின் இரண்டாம், மூன்றாம் நாளில் இது ஐயாயிரத்திற்குக் கீழ் இறங்குமானால், டெங்குவாக இருக்கலாம் என்ற ஐயம் வலுக்கிறது.

இரண்டாவது, பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள். நலமாக உள்ளவருக்கு இது ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை இருக்கும். டெங்குவில் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பின்னர் இறங்கத் தொடங்கி, ஒரு இலட்சத்திற்குக் கீழே செல்லக்கூடும்.

மூன்றாவதைப் பற்றித்தான் மக்களிடையே மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. ஆனால் அதுவே மிக முதன்மையானது. அறிக்கையில் பி.சி.வி. என்றோ, எச்.சி.டி. என்றோ, ஹெமட்டோகிரிட் என்றோ அச்சிடப்பட்டிருக்கும். இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு இடத்தை அடைத்துள்ளன என்பதை அது தெரிவிக்கிறது.

இதன் சிறப்பை விளக்க வேண்டுமாயின், டெங்கு எவ்வாறு உயிரைப் பறிக்கிறது என்பதை அறிய வேண்டும். இரத்தம் கசிந்து கொட்டித்தான் டெங்கு நோயாளி இறக்கிறார் என்று பலர் எண்ணியுள்ளனர். பெரும்பாலும் நிகழ்வது வேறு. மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, இரத்தத்திலுள்ள நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மா வெளியே கசிந்து, நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்குகிறது. வெளியில் ஒரு துளி இரத்தமும் தெரியாது. ஆனால் குழாய்களுக்குள் ஓடுவதற்குப் போதிய நீர் இல்லாமற்போய், இரத்த அழுத்தம் வீழ்ந்து, உறுப்புகள் செயலிழக்கின்றன.

நோன்புக் கஞ்சியிலிருந்து நீர் வடிந்துவிட்டால் அது கெட்டியாகிவிடும். பருக்கை கூடிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் பருக்கை கூடவில்லை, நீர்தான் குறைந்தது. பிளாஸ்மா கசியும்போது இரத்தமும் அவ்வாறே கெட்டியாகிறது, பி.சி.வி. எண் உயர்கிறது. ஆகவே, கண்ணுக்குத் தெரியாத கசிவைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி அந்த எண்ணேயாகும்.

முதல் அறிக்கை ஏன் தேவை?

பி.சி.வி. ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 விழுக்காடு உயர்ந்தால், குறிப்பிடத்தக்க கசிவு நிகழ்கிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட அளவாகும். எதிலிருந்து 20 விழுக்காடு என்ற வினா எழுகிறதன்றோ? அந்த நோயாளியின் தொடக்க அளவிலிருந்து என்பதே விடை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இரத்தச்சோகையுள்ள ஒரு தாய்க்கு, நோயின் இரண்டாம் நாளில் பி.சி.வி. 30 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் நாளில் அது 36 ஆகிறது. அறிக்கைத் தாளில் 36 என்பது பெண்களுக்கு உரிய இயல்பான அளவென்றே அச்சிடப்பட்டிருக்கக்கூடும். தடித்த எழுத்தோ, அடிக்கோடோ இராது. அதை மட்டும் பார்ப்பவர் யாவும் நலமென்றே கருதுவார். ஆனால் 30 என்ற முதல் எண்ணைக் கையில் வைத்திருக்கும் மருத்துவர், சரியாக 20 விழுக்காடு உயர்ந்துள்ளது என்பதை உணர்ந்து, உடனே சிகிச்சையைத் தொடங்குவார். அச்சிட்ட அளவு ஊரார் அனைவருக்கும் பொதுவானது. நோயாளியின் உண்மையான அளவுகோல் அவருடைய முதல் அறிக்கையே. முதல் மூன்று நாட்களுக்குள் ஒரு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றும், அந்த அறிக்கையைக் கிழித்தெறியாமல் பாதுகாக்க வேண்டும் என்றும் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுவே.

காய்ச்சல் இறங்கும் நாளே கண்காணிக்கும் நாள்

பிற காய்ச்சல்களில் உடற்சூடு தணிந்தால் நோய் விலகியதாகப் பொருள். டெங்குவில் இவ்வழக்கு மாறிவிடுகிறது. காய்ச்சல் தொடங்கியதில் இருந்து மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் சூடு இறங்குகிறது. பிளாஸ்மா கசிவு தொடங்குவதும் அவ்வேளையில்தான். அக்கசிவு 24 முதல் 48 மணி நேரம் வரை நீடிக்கும். காய்ச்சல் விட்டுவிட்டதென்று குடும்பத்தார் நிம்மதி அடைந்து, பரிசோதனையை நிறுத்தி, பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்ப முனையும் நாள் எதுவோ, அதுவே மிகவும் கண்காணிக்க வேண்டிய நாளாகும்.

ஆகவே காய்ச்சல் கண்ட நாளை முதல் நாளாகக் கொண்டு எண்ணிக்கை வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து, மருத்துவரின் அறிவுரைப்படி நாள்தோறும் முழு இரத்த அணுக்கள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காய்ச்சல் மாத்திரையின் உதவியின்றிச் சூடு நீங்கி ஓரிரு நாட்கள் கழியும் வரை இதனைத் தொடர வேண்டும். ஆபத்தின் அறிகுறிகள் கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவருக்கு, நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை, தேவையானால் அதற்கும் முன்னதாகவே, பி.சி.வி. பார்ப்பார்கள். "எத்தனை முறைதான் இரத்தம் எடுப்பார்கள்?" என்று உறவினர்கள் சினங்கொள்வதைக் காண்கிறோம். ஒவ்வொரு முறையும் எடுப்பது ஓரிரு மில்லி மட்டுமே. அந்தச் சில துளிகளைக் கொண்டுதான் எவ்வளவு நீர் ஏற்றுவது, எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்று மருத்துவர் முடிவெடுக்கிறார். குறைவாக ஏற்றினால் அழுத்தம் வீழும்; மிகுதியாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். "இன்னும் ஒரு பாட்டில் டிரிப்ஸ் ஏற்றுங்கள்" என்று நாமாக வற்புறுத்துவது நன்மையாகாது.

பிளேட்லெட் பீதி

டெங்குக் காலத்தில் தெருவெங்கும் கேட்கும் ஒரே கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதாகும். அந்த எண் முக்கியமானதே. ஆனால் அதனை மட்டும் தனித்துப் பார்ப்பது இருவகையில் தீங்கு செய்கிறது.

ஒருவருக்குப் பிளேட்லெட் 60,000; பி.சி.வி. மாறவில்லை, நன்றாகக் குடிக்கிறார், சிறுநீர் இயல்பாகப் பிரிகிறது. இன்னொருவருக்குப் பிளேட்லெட் 90,000, ஆனால் பி.சி.வி. 36-இலிருந்து 43-க்கு மேல் ஏறியுள்ளது, கைகால் சில்லிட்டுள்ளது, வயிறு வலிக்கிறது. உடனடி ஆபத்தில் இருப்பவர் இரண்டாமவரே. பிளேட்லெட்டை மட்டும் கேட்பவர்கள் முதலாமவருக்காக அலறி, இரண்டாமவரை வீட்டிலேயே விட்டுவிடுவார்கள்.

பிளேட்லெட் ஏற்றுவதும் அவ்வாறே. சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் நடத்தப்பெற்று, 2017-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வொன்றில், பிளேட்லெட் 20,000-க்குக் கீழ் இறங்கியும் இரத்தக் கசிவில்லாதிருந்த பெரியவர்களை இரு பிரிவாக்கிக் கண்டனர். முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியதால் இரத்தக் கசிவு குறையவில்லை. ஒவ்வாமை முதலிய பக்கவிளைவுகளே கூடின. எனவே, எப்போது ஏற்றுவது என்பதை மருத்துவரிடமே விட்டுவிட வேண்டும். இரத்தக்கொடை அளிக்க நம் இளைஞர்கள் நள்ளிரவிலும் ஓடிவருவது போற்றத்தக்கது. ஆனால் அத்தேவை எழாதவாறு, முன்னதாகவே நோயாளியைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது அதனினும் மேலான தொண்டாகும்.

இன்னொன்றும் கூற வேண்டும். இயந்திரத்தில் எண்ணும்போது பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உண்மையைவிடக் குறைவாகக் காட்டுவதுண்டு. நோயாளியின் நிலைக்குப் பொருந்தாத எண் வந்தால், கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் சரிபார்க்கச் செய்யலாம். நிலையத்திற்கு நிலையம் எண்கள் சற்றே வேறுபடும் ஆதலால், இயன்றவரை ஒரே நிலையத்தில் தொடர்ந்து பார்ப்பது ஒப்பீட்டிற்கு உதவும்.

அண்டை நாட்டின் படிப்பினை

இவ்வளவு கண்காணிப்பால் பயன் உண்டா என்று கேட்போருக்கு, நம் அண்டை நாடாகிய இலங்கை விடையளிக்கிறது. அங்கு 2009-ஆம் ஆண்டில் 35,000-க்குச் சற்று மேற்பட்டோர் டெங்குவிற்கு ஆளாகி, 346 பேர் இறந்தனர். அதாவது நூற்றுக்கு ஒருவர். பி.சி.வி. உயர்வைக் கொண்டு நீர்ச்சத்தை அளந்து கொடுக்கும் முறையைப் பாங்காக் குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் சுசித்ரா நிம்மானித்யா முதலானோர் பல்லாண்டுகளாகச் செப்பனிட்டிருந்தனர். இலங்கை மருத்துவர்கள் தாய்லாந்து சென்று அதனைப் பயின்றனர். தேசிய வழிகாட்டி நெறிகள் வெளியிடப்பட்டன. மருத்துவமனைகளில் தனிக் கண்காணிப்புப் பிரிவுகள் அமைந்தன. 2017-ஆம் ஆண்டில் அந்நாடு அதுவரை காணாத அளவில் 1,86,101 பேர் பாதிக்கப்பட்டனர். இறந்தோர் 440 பேர். அதாவது ஆயிரத்திற்கு இரண்டரைக்கும் குறைவு. இக்குறைவிற்குக் காரணங்கள் பலவெனினும், இடைவிடாத கண்காணிப்பு அவற்றுள் முதன்மையானதொன்று. டெங்குவைக் கொல்லும் மருந்து இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை என்பதை நினைக்கும்போது இதன் அருமை விளங்கும்.

இல்லத்தில் கருத வேண்டியவை

பரிசோதனை மட்டுமே போதும் என்று நாம் கூறவில்லை. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ இரத்தம், கறுத்த மலம், சோர்ந்து கிடத்தல் அல்லது அமைதியின்றிப் புரளுதல், கைகால் சில்லிடுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் பிரியாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், அறிக்கைக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், நீரிழிவு நோயாளிகள் ஆகியோர் தொடக்கத்திலேயே மருத்துவரின் பார்வையில் இருப்பது நன்று.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே, உரிய அளவில். ஆஸ்பிரின், புரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்கலாகாது. இதய நோய்க்காக ஆஸ்பிரின் உட்கொள்வோர் அதனைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். கஞ்சி, இளநீர், மோர், உப்புச்சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றை இடைவிடாது பருகச் செய்ய வேண்டும். நோயாளிக்கு நோன்பில் மார்க்கம் சலுகை அளித்துள்ளது. ரமலானில் டெங்கு வந்தால் அச்சலுகையைப் பயன்படுத்தத் தயங்க வேண்டாம். நிலவேம்புக் குடிநீரோ பப்பாளி இலைச் சாறோ பருகுவோர், அதன்மீது பாரத்தைப் போட்டு இரத்தப் பரிசோதனையை ஒருநாளும் தள்ளிப்போடலாகாது.

ஜமாஅத் செய்யக்கூடியவை

நம் மஹல்லாவில் ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, பெண்களும் முதியோரும் மட்டுமே உள்ள இல்லங்கள் பல. ஐந்தாம் நாள் இரவில் ஒரு பிள்ளையைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல அங்கே துணையில்லை. நாள்தோறும் சில நூறு ரூபாய் செலவிட இயலாத குடும்பங்களும் உள்ளன. அரசு மருத்துவமனைகளில் இப்பரிசோதனைகள் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன என்பதை அறியாதோரும் உள்ளனர். ஆகவே நிர்வாகத்தாரின் கனிவான பார்வைக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: காய்ச்சல் நாள், வெள்ளணு, பிளேட்லெட், பி.சி.வி. என நான்கு கட்டங்கள் கொண்ட சிறு அட்டையொன்றை அச்சிட்டு ஒவ்வொரு வீட்டிற்கும் வழங்கலாம். எம்மருத்துவரிடம் சென்றாலும் அவ்வட்டை நோயாளியின் வரலாற்றைக் கூறிவிடும்.

இரண்டு: மழைக்காலத்தில், துணையற்ற இல்லங்களுக்கு வாகனத்தோடு சென்று உதவ இளைஞர் குழுவொன்றை அமைக்கலாம்.

மூன்று: தொடர் பரிசோதனைக்கு வசதியற்றோருக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவலாம். தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒரு நாள் செலவில் பல குடும்பங்களுக்குப் பரிசோதனை செய்துவிடலாம்.

ஜமாஅத்தார்களே, இனி நம் தெருவில் எவரேனும் "பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது" என்று மகிழ்ந்து கூறினால், நாமும் மகிழ்வோம். உடனே, "இன்றைக்கு இரத்தம் பார்த்தீர்களா? பி.சி.வி. எவ்வளவு?" என்றும் கேட்போம். அந்த ஒரு கேள்வி ஒரு பிள்ளையைக் காக்கக்கூடும்.

எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் நோயற்ற வாழ்வை அருள்வானாக. வஸ்ஸலாம்.